சதுரங்க வல்லார் மீர் சுல்தான் கான்

மேன்மக்களுடைய சரித்திரங்களை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர், புலவர், சமயத் தலைவர், தேச பக்தர் என்னும் இவர்களையே தேர்ந்துகொள்வர். விளையாட்டொன்றில் வல்லவராயிருந்த ஒருவருடைய வரலாறு கல்லூரி மாணவர்க்கு யாது பயன் தரும் என்று சிலர் வினவுதல் கூடும். ஆட்டம் சிறிதாயினும், அதனைக் கருவியாகக் கொண்டு ஒருவர் கடந்த தூரம் சிறிதன்று. பஞ்சாபின் ஒரு மூலையிற் பிறந்து, ஐரோப்பிய முறைச் சதுரங்கத்தை இருபது பிராயத்திற்குப் பின்னரே கற்று, ஐந்து ஆண்டுகட்குள் உலகத்துப் பெருவீரர்களோடு சமமாக அமர்ந்து, பின்னர் ஒருவரும் வினவாதபடி தம் ஊருக்குத் திரும்பிவிட்ட மீர் சுல்தான் கானுடைய வாழ்க்கையை நாம் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவ்வாண்டு இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சிக்கு மேற்றிசையில், கல்வராயன் மலைமீது, கரியாலூர் என்னும் ஊர் உளது. ஆண்டுச் சேவை முகாமை அங்கு நடத்திவந்த நம் மாணவர், ஓய்வு வேளைகளில் மலைப் பள்ளிப் பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடினர். அப்பிள்ளைகள் ஊக்கமுடன் ஆடினரென்றும், பயிற்சி தரும் ஆசிரியரும் படிக்க நூலும் இல்லாதவர் பட்டணத்துப் பிள்ளைகளைப் போட்டியில் வெல்லுதல் கூடுமோ என்று அவர்களுள் ஒருவன் வினவினான் என்றும் நம்மிடம் கூறினர். அவ்வினாவிற்கு ஊக்கமொழி நான்கு சொல்லிவிடுதல் எளிது. மெய்யான விடை வேண்டின், சுல்தான் கானுடைய சரித்திரத்தை முழுதும் அறிதல் வேண்டும். அது மகிழ்ச்சி தருவதும் எச்சரிக்கை தருவதும் ஆகிய சரித்திரம்.

பிறப்பும் இளமையும்

சுல்தான் கான் 1903-ம் ஆண்டில் பஞ்சாபில் குஷாப் என்னும் நகருக்கு அணித்தாகிய மிட்டா திவானா என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது. அவர் குடும்பத்தார் சமயத் தொண்டாலும் நிலபுலத்தாலும் தம் ஊரில் மதிப்புற்றவர். சுல்தானுக்கு ஒன்பது வயது நிரம்பியபோது தந்தையாரே அவருக்குச் சதுரங்கம் கற்பித்தார்.

அவர் கற்றது நம் நாட்டு முறைச் சதுரங்கம். பிற்காலத்து நிகழ்ச்சிகள் விளங்குவதற்கு அதன் இயல்பைச் சிறிது அறிதல் நலம். ஐரோப்பிய முறையில் காலாள் தன் முதல் நடையில் இரண்டு கட்டம் செல்லலாம். நம் நாட்டு முறையில் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் அரசனும் யானையும் ஒரே நடையில் இடம் மாறி, அரசன் ஒதுக்கிடம் புகுவான். நம் முறையில் அது இல்லை. அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப்போலத் தாவலாம். மறுகரை சேர்ந்த காலாளை ஐரோப்பியர் வேண்டியவாறு அரசியாகவே மாற்றிக்கொள்வர். நம் முறையிலோ அக்காலாள் எந்தக் கட்டத்தை அடைந்ததோ அக்கட்டத்திற்குரிய காயாகவே மாறும்.

இவ்வேறுபாடுகள் சிறியனபோலத் தோன்றினும் ஆட்டத்தின் போக்கையே மாற்றுவன. ஐரோப்பிய முறையில் பத்து நடைக்குள் பகை மூண்டுவிடும். ஆதலின் தொடக்க நடைகளை நூற்றாண்டுக்கணக்காக ஆராய்ந்து எழுதிவைத்த நூல்கள் அங்குப் பல உள. நம் முறையில் இருதிறத்தாரும் தத்தம் படையை மெல்ல வகுத்து நிறுத்திய பின்னரே போர் தொடங்கும். இம்முறையிற் பழகியவர்க்குப் பொறுமையும், இடையாட்டத்தில் நுணுகிய நோக்கும், காய் குறைந்த இறுதியாட்டத்தில் உறுதியும் வளரும். விரைந்த தொடக்கத்திற் பயிற்சி இராது. சுல்தான் கானுடைய வலிமையும் மெலிவும் இவ்வாறே அமைந்தன. இருபத்தொரு வயதினராயபோது பஞ்சாபில் அவருக்கு நிகராவார் இல்லை என்னும் பெயர் பரவியது.

புரவலர் கிடைத்தல்

அக்காலத்துப் பஞ்சாபில் பெருநிலக்கிழாராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர் ஸர் உமர் ஹயாத் கான் திவானா என்பவர். ஆங்கில அரசாங்கத்தாரிடம் மிக்க செல்வாக்குடையவர்; குதிரை, வேட்டை, சதுரங்கம் ஆகியவற்றில் பெருவிருப்புடையவர். அவர் சுல்தான் கானைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய முறை ஆட்டத்தைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1928-ம் ஆண்டில் நடைபெற்ற அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களுள் எட்டில் வென்று, ஒன்றைச் சமமாக முடித்து, முதலிடம் பெற்றார்.

சுல்தான் கான் ஸர் உமருக்கு வேலைக்காரராயிருந்தார் என்று மேனாட்டார் பலர் எழுதினர். இன்றளவும் அப்பேச்சு வழங்குகின்றது. அவர் வழியில் வந்தோர் இதனை மறுத்து, அவர் மதிப்புள்ள நிலக்கிழார் குடும்பத்தில் வந்தவர் என்றும், புரவலரோடு சென்ற விருந்தினர்போல்வார் என்றும் கூறுவர். எது எங்ஙனமாயினும் ஒன்று தெளிவு. எந்த ஊருக்குச் செல்வது, எத்துணைக் காலம் தங்குவது, எப்போது திரும்புவது என்னும் இவற்றைத் தீர்மானித்தவர் சுல்தான் கான் அல்லர். இதனை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். இச்சரித்திரத்தின் முடிவு இதனாலேயே ஆயது.

இங்கிலாந்து சேர்தல்

1929-ம் ஆண்டு இளவேனிற் காலத்தில் ஸர் உமர் அரசாங்கப் பணி மேற்கொண்டு லண்டன் நகரம் சென்றபோது சுல்தான் கானையும் உடன் அழைத்துச் சென்றார். ஆங்கு அவரைச் சோதிக்கும் பொருட்டுச் சிறு பயிற்சிப் போட்டியொன்று நடைபெற்றது. அதில் அவர் கடைசி இடத்தையே மற்றொருவரோடு பகிர்ந்துகொண்டார். கண்டோர் இம்மனிதர் பெருநூல்களைக் கற்ற வீரர் நடுவில் என் செய்வார் என்று எண்ணியிருத்தல் வேண்டும். அப்போட்டியில் அவரினும் மேலாக ஆடிய வில்லியம் விண்டர், யேட்ஸ் என்னும் இரு ஆங்கில வீரர்களும் அவரை இகழவில்லை. அவருடைய மெலிவு தொடக்க நடைகளிலேயே உளது என்பதைக் கண்டு, சில வாரங்கள் அவருக்கு உடனிருந்து பயிற்சி அளித்தனர். எதிர்த்து ஆடவேண்டியவர்க்கே கற்றுக்கொடுத்த அவ்விருவரின் பெருந்தன்மை நினைக்கத்தக்கது.

அவ்வாண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துச் சதுரங்கப் போட்டி நிகழ்ந்தது. சுல்தான் கான் அதிற் கலந்து முதலிடம் பெற்றார். இங்கிலாந்து சேர்ந்து சில திங்களே ஆகிய ஒருவர் அந்நாட்டுப் பட்டத்தை வென்றமை யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. பின்னர் 1932-ம் ஆண்டிலும் 1933-ம் ஆண்டிலும் அப்பட்டத்தையே மீட்டும் வென்றார். நான்கு முறை கலந்து மூன்று முறை வெல்லுதல் எளிய செயலன்று.

முதல் வெற்றிக்குப் பின் அவர் இந்தியா திரும்பி, 1930-ம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் ஐரோப்பா சேர்ந்தார். அதுமுதல் மூன்றரை ஆண்டு அவருடைய புகழ் வளர்ந்துகொண்டே சென்றது. பெல்ஜியத்து லியேஜ் நகரப் போட்டியில் டார்டகோவர் என்னும் பெருவீரருக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். 1931-ம் ஆண்டில் அந்த டார்டகோவரோடே தனிப்போட்டி ஆடி, நான்கு வென்று, மூன்று தோற்று, ஐந்தைச் சமமாக்கி, மேம்பட்டார்.

ஹேஸ்டிங்ஸ் ஆட்டம்

அவர் ஆடிய ஆட்டங்களுள் உலகம் மறவாதது ஒன்று உளது. 1930-ம் ஆண்டு இறுதியில் தொடங்கி 1931-ம் ஆண்டு தொடக்கத்தில் முடிந்த ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் கியூபா நாட்டுக் கபாபிளாங்கா. இவர் 1921 முதல் 1927 வரை உலகச் சதுரங்கச் சக்கரவர்த்தியாக வீற்றிருந்தவர். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாதவர். இயந்திரம்போலப் பிழையின்றி ஆடுவார் என்று யாவரும் அவரை அஞ்சினர்.

சுல்தான் கான் வெள்ளைக் காய்களைக் கொண்டு ஆடினார். தொடக்கத்தில் பரபரப்பு ஒன்றும் இல்லை. நம் நாட்டு முறையிற் பழகியவர்க்கு இயல்பானவாறு, காய்களை அமைதியாக நிறுத்திக்கொண்டு, பின் அரசன் பக்கத்துக் காலாட்களை ஒவ்வொன்றாக முன்செலுத்தினார். கபாபிளாங்கா தம் இரண்டு யானைகளையும் திறந்த வழியொன்றில் அடுக்கி, வெள்ளையரசன் இருக்கும் அகத்தினுள்ளேயே பாயவிட்டார். அப்பாய்ச்சலின் முடிவில் வெள்ளையின் அரசி வீழ்ந்தது. கருமையின் யானைகள் இரண்டும் வீழ்ந்தன.

இவ்வேளையில் பலகையைக் காண்போர்க்குக் கபாபிளாங்காவின் நிலையே மேலாகத் தோன்றும். அவர்பால் அரசி உளது. எத்திசையும் ஓடவல்ல காய் அது. எதிரே வெள்ளையரசன் ஒதுக்கிடம் புகாமல் நடுவில் நிற்கின்றான். கருமையின் அரசியும் உடனே பகைவர் அகம் புகுந்து காலாட்களை அச்சுறுத்தியது. ஆனால் தனியொரு காய் எத்துணை வலியதாயினும், ஒன்றையொன்று காக்கும் காய்கள் பலவற்றை அழித்தல் அரிது. சுல்தான் கான் விரையவில்லை. தாக்கப்பட்ட காலாள் ஒவ்வொன்றிற்கும் காவல் அமைத்தார். அரசனை அஞ்சாது நடுவிலேயே நிறுத்தினார். யானைகளை ஒரே வரிசையிற் சேர்த்தார். கருமையின் அரசி செல்லும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பாய்ந்து வந்த காய் பின்வாங்கித் தன் அரசனைக் காக்கும் தொழிலை ஏற்றது. நெடுநேரம் இந்நிலை நீடித்தது. வெள்ளைப்படை ஓரடி பின்வைக்காமல் நெருங்கியது. அறுபத்தைந்தாம் நடையில் கபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இவ்வெற்றியில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சுல்தான் கான் ஐரோப்பியருடைய நூலறிவைக் கொண்டு அவர்களை வென்றாரில்லை. அந்நூலறிவில் அவர் கடைசிவரை பின்தங்கியவரே. சிறு பிராயத்தில் தம் ஊரிற் பழகிய ஆட்டம் தந்த பொறுமையும் இறுதியாட்டத் திறமுமே அவருக்குத் துணையாயின. குறையென்று பிறர் எண்ணிய பயிற்சியே அவ்வேளையில் படைக்கலமாயிற்று. அப்போட்டி முடிவில் டச்சு நாட்டு யூவே முதலிடமும், கபாபிளாங்கா இரண்டாமிடமும், சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர். இத்தகைய நிலைமையில் இருந்து ஒருவர் இவ்வளவு உயர்ந்தமைக்கு அசாதாரண மேதையே காரணம் என்று கபாபிளாங்காவே பிற்காலத்தில் எழுதினார்.

இளைஞர் இருவர்

நாடுகள் அணியணியாக மோதும் சதுரங்க ஒலிம்பியாட் போட்டிகளில் சுல்தான் கான் மூன்று முறை இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடினார். 1930-ம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் ஒன்பது வெற்றியும் நான்கு சமமும் நான்கு தோல்வியும் அடைந்தார். 1931-ம் ஆண்டு பிராக் நகரில் எதிர்ப்பு மிகக் கடுமையாயிருந்தது. ஆங்கு எட்டு வென்று, ஏழைச் சமமாக்கி, இரண்டில் மட்டுமே தோற்றார். அப்போது உலகச் சக்கரவர்த்தியாயிருந்த அலெகைனோடு சமமாக ஆடினார். முதியவரும் பேராசானுமாகிய ரூபின்ஸ்டைனை வென்றார்.

அந்நகரில் அவர் வென்றவருள் சாலோ பிளோர் என்னும் இளைஞரும் ஒருவர். பிளோர் அப்போது இருபத்திரண்டு வயதினர். முதல் உலகப் பெரும்போரிற் பெற்றோரை இழந்து, செக்கோஸ்லோவாக்கியாவில் அடைக்கலம் புகுந்து வளர்ந்தவர். சுல்தான் கானோ இருபத்தெட்டு வயதினர். தம் மண்ணைவிட்டு நீங்கிய இரண்டு இளைஞர், தமக்குப் பிறப்புரிமையில்லாத இரண்டு நாடுகளின் கொடியின்கீழ் எதிரெதிரே அமர்ந்தனர். அடுத்த ஆண்டில் இருவரும் ஆறு ஆட்டம் கொண்ட தனிப்போட்டி ஆடினர், பிளோர் இரண்டும் சுல்தான் கான் ஒன்றும் வென்றனர், மூன்று சமமாயின. ஆற்றலில் இவர்களிடையே இருந்த வேற்றுமை ஓர் ஆட்டத்தின் அளவே.

ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் இருவர் வழியும் வேறாயின. பிளோரைத் தன் பிள்ளையாக ஏற்ற நாட்டில் சங்கங்களும் போட்டிகளும் பத்திரிகைகளும் இருந்தன. அந்நாடு பகைவர் கைப்பட்டபோது அவர் ருஷியா சென்றார்; அங்கும் சதுரங்கம் அவருக்குத் தொழிலாக நின்றது. சுல்தான் கானுக்கோ ஒரு மனிதருடைய ஆதரவே எல்லாமாயிருந்தது.

இங்கிலாந்து வாழ்க்கை அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. குளிரும் பனியும் வருத்தின. மலேரியாக் காய்ச்சலும் தொண்டைநோயும் அடிக்கடி பற்றின. கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டே பல ஆட்டங்களை ஆடினார். ஆங்கில மொழிப் பழக்கம் மிகக் குறைவு. எதிரியின் நடை எதுவாயினும் முகத்தில் மாற்றம் தோன்றாமல் அமர்ந்திருப்பார் என்று கண்டோர் எழுதியுள்ளனர். அம்முகத்தினுள் ஓடிய எண்ணங்களை அவர் தம் கையால் எழுதிவைத்திலர். கேட்டு எழுதுவாரும் அக்காலத்தில் இலர்.

பாத்திமா அம்மையார்

ஸர் உமருடைய இல்லத்தில் சதுரங்கம் கற்றவர் சுல்தான் கான் ஒருவரே அல்லர். பாத்திமா என்னும் இளம்பெண்ணும் அங்கு இவ்வாட்டத்தைக் கற்றார். 1933-ம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த பிரிட்டிஷ் பெண்கள் போட்டியில் அவர் பதினோர் ஆட்டங்களுள் பத்தில் வென்று, ஒன்றைச் சமமாக்கி, அடுத்தவரினும் மூன்று எண் மிகுதியாகப் பெற்று முதல்வரானார். அவ்வாண்டிலேயே ஆடவர் பட்டம் சுல்தான் கானுக்கு உரியதாயிற்று. ஓர் இல்லத்திலிருந்து சென்ற இருவர் ஒரே ஆண்டில் இரு பட்டங்களையும் கைக்கொண்டனர். இவ்வம்மையாரும் நாடு திரும்பிய பின்னர்ப் போட்டிகளில் ஆடியதாக வரலாறு இல்லை. பெண்மக்களுக்குத் திறமை இல்லை என்று கூறுவார் இன்னும் சிலர் உளராயின், அவர்கள் இச்செய்தியைச் சிந்திப்பாராக.

நாடு திரும்புதலும் இறுதியும்

1933-ம் ஆண்டு போக்ஸ்டன் நகரத்து ஒலிம்பியாடில் சுல்தான் கான் நான்கு வென்று, நான்கு தோற்று, ஆறு சமமாக்கினார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஸர் உமர் தாய்நாடு திரும்பினார். சுல்தான் கானும் அவரோடு திரும்பினார். அப்போது அவருக்கு முப்பது வயது. பிறர் தம் ஆற்றலின் நடுப்பகலை அடையும் வயது அது.

1935-ம் ஆண்டில் காடில்கர் என்னும் இந்திய வீரரோடு பத்து ஆட்டம் ஆடி ஒன்பதில் வென்றார். ஒன்று மட்டும் சமமாயிற்று. அதன்பின் உலகச் சதுரங்க அரங்கில் அவர் பெயர் எழவில்லை. ஐரோப்பிய முறையில் ஒழுங்காகப் போட்டி நடத்தும் அகில இந்தியச் சம்மேளனம் நம் நாட்டில் ஏற்பட்டது 1951-ம் ஆண்டிலேயாம். 1935-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் எங்குச் சென்று எவரோடு ஆடுவார்? புரவலராகிய ஸர் உமரும் 1944-ம் ஆண்டில் காலமானார். 1947-ம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்து, அவர் ஊர் பாகிஸ்தான் ஆயிற்று.

அவர் தம் நிலத்திற் பயிர் செய்து, மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்தார். வறுமையால் வாடினார் என்று சிலர் எழுதியது பொருந்துவதன்று. தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் பயிற்றவில்லை. உலகிற்குப் பயன்படும் வேறு தொழில்களைக் கற்குமாறு அவர்களை ஏவினார் என்று அவர் மகனார் கூறியுள்ளார். 1966-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ம் நாள், சர்கோதா நகரில், காசநோயால் இறந்தார்.

1950-ம் ஆண்டில் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தார் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது, இருபத்தேழு பெயர்களை அறிவித்தனர். அவருள் ரூபின்ஸ்டைன், டார்டகோவர், பிளோர் ஆகியோர் இருந்தனர். மூவரையும் வென்ற சுல்தான் கான் அப்போது உயிரோடு இருந்தும் அப்பெயர்வரிசையில் இல்லை. 2024-ம் ஆண்டிலேதான், அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டு கழிந்தபின், கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

நம் வேதநூலிற் கூறப்படும் தாலந்து உவமையை இக்கல்லூரியிற் பயின்றார் யாவரும் அறிவர். எசமான் அளித்த தாலந்தை வாணிகத்தில் இட்டுப் பெருக்கினார் இருவர். மண்ணிற் புதைத்துவைத்தான் ஒருவன். சுல்தான் கான் தம் தாலந்தைப் புதைத்தார் என்று குற்றம் கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. புதைத்தவன் அச்சத்தாற் புதைத்தான். இவரோ ஐந்தாண்டுக் காலம் அந்நிய நாட்டில், நோயோடும் குளிரோடும் போராடி வாணிகம் செய்தவர். பின்னர் அவர் மீண்ட ஊரில் அப்பண்டத்திற்குச் சந்தை இல்லை. சந்தையை அமைக்க வேண்டியவர் அவர் அல்லர். அது சமூகத்தின் கடமை.

இக்கடமை நிறைவேறியபோது என்ன விளையும் என்பதை நம் தமிழ்நாடே காட்டியது. சென்னையில் ருஷியக் கலாசார நிலையத்தைச் சார்ந்து ஏற்பட்ட தால் சதுரங்கச் சங்கம் போன்ற இடங்களில், எவரும் சென்று ஆடவும் கற்கவும் வழி பிறந்தது. 1961-ம் ஆண்டில் மானுவேல் ஆரன் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அந்தத் தால் சங்கத்திற் பழகிய விசுவநாதன் ஆனந்த் 1988-ம் ஆண்டில் முதல் இந்தியக் கிராண்ட்மாஸ்டராகி, பின்னர் உலகச் சக்கரவர்த்தியும் ஆனார். 2022-ம் ஆண்டில் ஒலிம்பியாட் போட்டி மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. 2024-ம் ஆண்டில் சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்றார். இவர்களுள் ஒருவரும் ஒரு பிரபுவினுடைய கப்பல் எப்போது திரும்பும் என்று காத்திருக்க நேர்ந்ததில்லை. பெற்றோர் தியாகம் செய்தனர். அதனோடு சங்கங்களும் போட்டிகளும் ஆசிரியரும் நிலையாக இருந்தனர்.

இனிக் கரியாலூர்ப் பிள்ளையின் வினாவிற்கு வருவோம். நூலும் ஆசிரியரும் இன்றி வெல்லக்கூடுமோ எனின், அறிவிற்கு ஊர் தடையன்று என்பதைச் சுல்தான் கான் காட்டினார். ஊரிற் கற்ற ஆட்டமும் இழிவன்று. அதனினின்றே அவருடைய பலம் பிறந்தது. மலைப்பிள்ளைகள் ஆடும் ஆடுபுலி ஆட்டத்திலும் சிறியவை பல கூடிப் பெரியதொன்றை அடைத்து வெல்லும் சூழ்ச்சியே உளது. ஹேஸ்டிங்ஸில் கருமையின் அரசியை அடைத்த சூழ்ச்சியும் அதற்கு அயலன்று. ஆயினும் சுல்தான் கானுக்கு விண்டரும் யேட்ஸும் சில வாரம் கற்பித்திராவிடில் ராம்ஸ்கேட் வெற்றி கிட்டியிராது. இயற்கை அறிவு மட்டும் போதும் என்று நாம் அப்பிள்ளைக்குச் சொல்லின் அது பொய்யுரையாகும்.

கல்வராயன் மலையார்க்கு ஒருவருடைய தயவில் வாழ்தல் இன்னதென்று பிறர் சொல்லவேண்டுவதில்லை. அம்மலைநாடு சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976-ம் ஆண்டிலேயே அரசாங்கத்தின் நேர் ஆட்சிக்கு வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ம் ஆண்டில். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைக்கும் அக்குடிகளின் பிள்ளைகள் இப்போது உறைவிடப் பள்ளிகளிற் படிக்கின்றனர்; மாவட்டப் போட்டிக்கும் அழைக்கப்படுகின்றனர். கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து, ஆட்டம் முடிந்து இரவில் மலையேறிச் சேர்தல் ஒரு சிறுவனுக்கு எத்துணைத் தொல்லை என்பதை அம்மலைச் சாலையிற் பயணம் செய்தவர் அறிவர். பேருந்துக் கட்டணமும், உடன் வர ஓர் ஆசிரியரும், ஆட்டத்திற்குரிய கடிகாரமும் இல்லாமையால் நின்றுவிடும் திறமை, லண்டன் சென்று மீண்டு நின்றுவிட்ட திறமையினும் பரிதாபத்திற்குரியது. அது ஒருமுறையேனும் வெளிப்படாமலே மறையும்.

நம் மாணவர் முகாமின் முடிவில் சில பலகைகளைப் பள்ளிக்கு அளித்து வந்தனர். அது நற்செயலே. ஆனால் ஆண்டிற்கு ஒருமுறை வந்து கொடுத்துப் போகும் கையும், அளவிற் சிறியதாயினும், ஒரு புரவலருடைய கையே. நாம் வாராத ஆண்டில் அவர்கள் யாது செய்வர்? மலைப் பள்ளிகள் தம்முள்ளே ஆடும் போட்டியொன்று ஆண்டுதோறும் அங்கேயே நிகழ வேண்டும்; அம்மலையிலேயே கற்பிக்கவல்லார் இருவர் மூவர் உருவாதல் வேண்டும். பழைய மாணவருள் ஆசிரியத் தொழிலில் இருப்போரும், வாகன வசதி உடையோரும் இதற்குத் துணைபுரியலாம். விண்டரும் யேட்ஸும் செய்தது போலத் தாம் அறிந்ததைச் சில வாரம் உடனிருந்து கற்பித்தலே நம்மால் ஆகும் சிறந்த உதவி. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

சுல்தான் கான் தம் மக்களுக்குச் சதுரங்கம் பயிற்றாமைக்கு அவர் உள்ளத்திருந்த காரணத்தை முழுதும் அறிவார் இலர். பெரும்புகழ் பெற்ற ஒருவர், அப்புகழைத் தந்த வித்தையைத் தம் மக்களுக்கு ஏற்றதன்று என்று கருதினாரெனின், அவ்வித்தை அவருக்கு நிலையான வாழ்வு தரவில்லை என்பது மட்டும் விளங்குகின்றது. ஒரு தந்தை தம் மகனை நோக்கி, இதனைக் கற்றுக்கொள், இது உன்னைக் கைவிடாது என்று அஞ்சாமற் கூறத்தக்க நிலை எந்நாட்டில் உளதோ, அந்நாட்டிலேயே திறமைக்கு உண்மையான மதிப்பு உளது. பட்டங்கள் ஐம்பத்தெட்டு ஆண்டு தாழ்த்தும் வந்து சேரலாம். ஆடும் பருவம் மட்டும் எவருக்கும் இருமுறை வாராது.